அக்கியும் குளிர் பிளாஸ்மாவும்

2021 ஐப்பசியில் என் அம்மாவுக்கு இடப்பக்க விலாவில் அக்கி வந்தது. முதல் இரண்டு நாள்கள் வெறும் எரிச்சல்தான் என்றார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது, முதுகெலும்பின் ஓரத்தில் தொடங்கி மார்புக்குக் கீழே வரை, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போட்டதுபோல் நீர்க்கொப்புளங்கள் எழும்பியிருந்தன. மானாமதுரையை ஒட்டிய எங்கள் ஊரில் அக்கி கண்டால் முதலில் போவது குயவர் வீட்டுக்குத்தான். அங்கிருந்த பெரியவர் காவிக்கல்லை உரைத்து, நீரில் குழைத்து, ஓர் இறகின் நுனியால் கொப்புளங்களைச் சுற்றிக் கோடு இழுத்து எழுதினார். "குளுகுளுன்னு இருக்குப்பா, ரெண்டு மூணு நாள் எழுதுனா எறங்கிரும்" என்று அம்மா சொன்னார். ரவிக்கைத் துணி பட்டாலே துடித்துக்கொண்டிருந்தவர் அப்படிச் சொன்னதும் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆறாம் நாள்தான் தோல் மருத்துவரிடம் போனோம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கியிருந்தால் நல்ல பலன் கிடைத்திருக்கும் என்று அவர் கடிந்துகொள்ளாமல் சொன்னார். கொப்புளங்கள் மூன்று வாரத்தில் பொருக்குத் தட்டி உதிர்ந்தன. வலி எட்டு மாதம் இருந்தது.

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வாயுக்களின் வழியே மின்சாரம் பாயும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய சிறு ஆய்வு வேலை எங்கள் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அம்மா வலியால் தூங்காமல் இருந்த இரவுகளில், ஏற்கெனவே பெயரளவில் அறிந்திருந்த ஓர் ஆய்வை எடுத்து முழுவதும் படித்தேன். 2014 ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து வெளிவந்த அந்த ஆய்வில், அக்கி வந்த நோயாளிகள் சிலருக்கு வழக்கமான மருத்துவத்துடன் சேர்த்து, ஆர்கான் வாயுவிலிருந்து உண்டாக்கிய குளிர் பிளாஸ்மாவை, அதாவது மின்சாரம் பாய்ந்து ஒளிரும், ஆனால் சுடாத வாயுவை, 5 நிமிடம் கொப்புளங்களின்மேல் காட்டினார்கள். ஒப்பீட்டுக்காக மற்றவர்களுக்குப் பிளாஸ்மா இல்லாத வெறும் ஆர்கான் வாயுவைக் காட்டினார்கள். பிளாஸ்மா பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகத் தணிந்தது, புண்ணும் விரைவாக ஆறத் தொடங்கியது என்பது அதன் முடிவு. ஆய்வு சிறியது. ஆனாலும், நான் நாள்தோறும் கண்ணாடிக் குழாய்க்குள் பார்க்கும் அந்த ஊதா ஒளி ஒரு மனிதரின் தோல்மீது பட்டு வலியைக் குறைத்தது என்ற செய்தியை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. அக்கி ஒரு வைரஸ் நோய். அன்றிலிருந்து, குளிர் பிளாஸ்மா வைரஸ் நோய்களுக்கு மருந்தாகுமா என்ற கேள்வியைத் தொடர்ந்து பின்பற்றி வருகிறேன். இதுவரை எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2020 இல் 'பிளாஸ்மா சிகிச்சை' என்று நாளிதழ்களில் நாம் படித்தது வேறு. கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்தில் அணுக்களைப் பிரித்த பின் எஞ்சும் மஞ்சள் நிற நீரை, அதிலுள்ள எதிர்ப்புப் புரதங்களுக்காக, நோயுற்றவர்களுக்கு ஏற்றினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் அதைச் சோதித்து, நோய் தீவிரமாவதையோ இறப்பையோ அது குறைக்கவில்லை என்று கண்டது. 2021 மே மாதத்தில் அது சிகிச்சை வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கப்பட்டது. நான் பேசும் பிளாஸ்மாவுக்கும் ரத்தத்துக்கும் தொடர்பில்லை, பெயரைத் தவிர. அந்தப் பெயர்த் தொடர்பும் தற்செயலாக வந்ததன்று. மின்சாரம் பாயும் வாயுவுக்கு 1928 இல் பிளாஸ்மா என்று பெயரிட்ட இர்விங் லாங்மியூர், ரத்தப் பிளாஸ்மா அணுக்களைச் சுமந்து செல்வதுபோல இந்த வாயு எலக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமந்து செல்கிறது என்ற ஒப்புமையை மனத்தில் கொண்டே அந்தச் சொல்லை எடுத்தார் என்று அவருடன் பணியாற்றியவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஒரு வாயுவில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து திரியும் நிலையே பிளாஸ்மா. சூரியன், மின்னல், வெல்டிங் பொறி எல்லாம் அதுதான், அவை சுடும். குளிர் பிளாஸ்மாவில் நடப்பது வேறு. அதில் எலக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் டிகிரி வெப்பத்துக்கு உரிய ஆற்றலுடன் பாய்கின்றன. அவற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எடை மிகுந்த அணுக்களும் மூலக்கூறுகளும் அறை வெப்பநிலையை ஒட்டியே நின்றுவிடுகின்றன. ஓடும் பேருந்தின்மீது கடுகை வீசினால் பேருந்தின் வேகம் மாறுமா? அதுபோல, எலக்ட்ரான் ஒவ்வொரு மோதலிலும் அணுவுக்குக் கொடுக்கும் வெப்பம் மிகச் சொற்பம். மின்னோட்டத்தைச் சில நானோ நொடிகளிலேயே துண்டித்துவிட்டால் வாயு சூடாவதற்கு நேரமே கிடைக்காது. இதற்கு ஓர் எளிய வழியை 1857 இலேயே வெர்னர் ஃபான் சீமென்ஸ் கண்டார். இரண்டு மின்முனைகளுக்கு இடையே கண்ணாடி போன்ற மின்காப்புப் பொருளை வைத்துவிட்டால், பொறி பறக்கத் தொடங்கியதும் கண்ணாடியின் மேற்பரப்பில் மின்னேற்றம் தேங்கி, அந்தப் பொறியை அதுவே அணைத்துவிடும். அவர் இதைச் செய்தது ஓசோன் உண்டாக்குவதற்காக. அந்த ஓசோனைக் கொண்டு பிரான்சின் நீஸ் நகரில் 1906 முதல் குடிநீரைத் தூய்மைப்படுத்தினார்கள். ஆக, பிளாஸ்மாவில் பிறந்த பொருளைக் கொண்டு கிருமியை அழிப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். உடலின்மேல் அதை நேரடியாகக் காட்டுவதுதான் புதிது.

எங்கள் ஆய்வகத்தில் உள்ள கருவி மிக எளியது. பென்சில் பருமனுள்ள குவார்ட்ஸ் குழாய், அதனுள்ளே ஒரு கம்பி, வெளியே சுற்றிய செப்புப் பட்டை, பின்னாலிருந்து மெல்ல வரும் ஆர்கான் வாயு. சில ஆயிரம் வோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்ததும், குழாயின் வாயிலிருந்து ஓரங்குல நீளத்துக்கு நீலமும் ஊதாவும் கலந்த ஓர் ஒளி நாக்கு வெளியே வந்து நிற்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், அது அசையாத சுடரைப்போலத் தெரிந்தாலும், அதற்குள் மயிரிழைபோல் மெல்லிய கீற்றுகள் நெளிந்துகொண்டே இருப்பதைக் காணலாம். நுனிக்கருகில் ஒரு தாளைப் பிடித்தால் தாள் கருகாது. ஒரு நிமிடத்துக்குள் மூக்கில் ஒரு நெடி ஏறும். இடி இடித்த பின்பும், நகல் எடுக்கும் இயந்திரத்தின் அருகிலும் வருமே, அந்த நெடிதான், அதுவே ஓசோன்.

வைரஸை அழிப்பது ஒளி நாக்கின் வெப்பம் அன்று, அது காற்றோடு கலக்கும் இடத்தில் பிறக்கும் வேதிப்பொருள்கள். பாயும் எலக்ட்ரான்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் ஈரத்தையும் உடைக்கின்றன. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓசோன், நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில், கிளர்ந்த நிலையிலுள்ள ஆக்சிஜன் என்று பல பொருள்களாகின்றன. இவற்றுள் சில நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே வாழும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை நீரில் மணிக்கணக்கில் இருக்கும். கொஞ்சம் புற ஊதா ஒளியும் உண்டு. கொரோனா வைரஸைப் போன்ற ஒன்றின்மீது இவை பட்டால், அதன் கொழுப்பு உறை ஆக்சிஜனேற்றம் அடைந்து கிழிகிறது. உறையில் துருத்தி நிற்கும் கூர்ப்புரதத்திலுள்ள சிஸ்டைன், மெத்தியோனைன், டிரிப்டோபன் போன்ற அமினோ அமிலங்கள் உருமாறுகின்றன. உள்ளே இருக்கும் மரபுப் பொருளும் சேதமடைகிறது. கூர்ப்புரதத்தின் வடிவம் சற்றுக் குலைந்தாலே போதும், மனித உயிரணுவின் கதவை அதனால் திறக்க முடியாது. சீனாவின் சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகக் குழுவினர் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டு செய்த ஆய்வில், இத்தனை பொருள்களுள் கிளர்ந்த ஆக்சிஜனின் பங்கு பெரிது என்று கண்டார்கள். பிளாஸ்மாவைத் தண்ணீரில் செலுத்தி, அந்தத் தண்ணீரைக் கொண்டே கூர்ப்புரதத்தைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதையும் அதே பல்கலைக்கழகத்தார் 2021 இல் காட்டினார்கள்.

கொரோனா வைரஸை நேரடியாக வைத்துச் செய்த சோதனை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ரிச்சர்ட் விர்ஸ் என்ற விண்வெளிப் பொறியியலாளரின் குழு 2020 நவம்பரில் அதை வெளியிட்டது. அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் வைதிலிங்கராஜா ஆறுமுகசாமி என்ற பெயரைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிளாஸ்டிக், உலோகம், அட்டை, கூடைப்பந்தின் தோல், கால்பந்தின் தோல், பேஸ்பாலின் தோல் என்று அன்றாடம் கை படும் பரப்புகளில் வைரஸ் கலந்த நீரைத் தடவி, அவற்றின்மேல் ஆர்கான் பிளாஸ்மாவைக் காட்டினார்கள். பெரும்பாலான வைரஸ்கள் 30 நொடியிலேயே செயலிழந்தன. 3 நிமிடத்துக்குள் எல்லாப் பரப்புகளிலும் முழுமையாக அழிந்தன. இதே சோதனையை ஹீலியம் வாயுவைக் கொண்டு செய்தபோது அத்தகைய பலன் கிடைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையின் மிக முக்கியமான வரி அதுதான். 'பிளாஸ்மா' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரே பொருள் இல்லை. எந்த வாயு, எவ்வளவு ஈரம், என்ன மின்னழுத்தம், எத்தனை மில்லிமீட்டர் தொலைவு என்பவற்றைப் பொறுத்து அதிலிருந்து வெளிவரும் கலவையே மாறிவிடும். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் என்று மருந்துச் சீட்டில் எழுதுவதுபோல் பிளாஸ்மாவின் அளவை எழுத இன்னும் ஒப்புக்கொள்ளப்பட்ட அலகு இல்லை. ஓர் ஆய்வகத்தில் 30 நொடியில் நடந்தது இன்னொரு கருவியில் 10 நிமிடத்திலும் நடக்காமல் போகலாம்.

கொழுப்பு உறையுள்ள வைரஸ்களைச் சோப்பு நீரே அழித்துவிடும் என்பதால், பிளாஸ்மாவின் உண்மையான சோதனை உறையற்ற வைரஸ்களிடம்தான் என்று நான் கருதுகிறேன். வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோவைரஸ் அத்தகையது. சாராயம் கலந்த கைத்தூய்மித் திரவங்களுக்கு அது எளிதில் அடங்காது. 2015 இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், நோய்ப்பரவலின்போது எடுத்த மலமாதிரிகளிலேயே பிளாஸ்மாவைச் செலுத்தி, நேரம் கூடக் கூட நோரோவைரஸின் அளவு குறைவதைக் காட்டினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார், நோரோவைரஸை ஆய்வகத்தில் வளர்ப்பது கடினம் என்பதால், அதன் உறவான பூனைக் கலிசிவைரஸைக் கொண்டு இதையே நுணுகி ஆராய்ந்தார்கள். உணவைச் சூடாக்காமல் கிருமி நீக்கும் வழியாகவும் இத்துறை வளர்ந்து வருகிறது. நம் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும், வெப்பமில்லாப் பதப்படுத்தலுக்கான ஆய்வு மையத்தில் குளிர் பிளாஸ்மாவைப் பற்றிய வேலை நடக்கிறது.

காற்றில் மிதக்கும் வைரஸ்களின் கதையும் சொல்லத் தக்கது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹெரெக் கிளாக் என்பவரின் குழு, கண்ணாடி மணிகளை அடைத்த ஓர் உருளைக்குள் பிளாஸ்மாவை உண்டாக்கி, மணிகளுக்கு இடையேயுள்ள சந்துகளின் வழியே வைரஸ் கலந்த காற்றைச் செலுத்தியது. மனிதருக்குத் தீங்கு செய்யாத எம்எஸ்2 என்ற வைரஸைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். நொடியின் ஒரு பகுதிக்குள் கடந்துபோன காற்றிலிருந்து 99.9 விழுக்காடு வைரஸ் நீங்கியிருந்தது என்று 2019 இல் அறிவித்தார்கள். இந்த எண்ணைக் கேட்டதும் எல்லாம் போய்விட்டது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து லட்சம் வைரஸ்கள் இருந்த இடத்தில் ஆயிரம் மிஞ்சும். பன்றிப் பண்ணையின் காற்றோட்டக் குழாயில் அது பெரிய வெற்றி. ஒரு வைரஸ் துகளிலிருந்து சில நாள்களில் கோடிக்கணக்கில் பெருகும் மனித உடலுக்குள் அதே எண்ணுக்கு வேறு பொருள். கிருமி நீக்கத்தையும் சிகிச்சையையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்று நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி உடலுக்கு வருவோம். வைரஸ் தானாக வாழ்வதில்லை. நம் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் இயந்திரத்தை எடுத்துக்கொண்டே பெருகுகிறது. மேசைமேல் கிடக்கும் வைரஸைக் கொல்ல எந்தக் கடுமையான பொருளும் உதவும், ஏனென்றால் மேசைக்கு வலிக்காது. உயிரணுவுக்குள் இருக்கும் வைரஸைத் தொட வேண்டுமானால் உயிரணுவைக் கடந்துதான் போக வேண்டும். அசைக்ளோவிர் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஜெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அந்த மருந்து, உடலுக்குள் போகும்போது செயலற்ற நிலையிலேயே போகிறது. அக்கி வைரஸும் ஹெர்பிஸ் வைரஸும் தமக்கென்று வைத்திருக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதியே அதை முதலில் செயல்பட வைக்கிறது. வைரஸ் புகாத உயிரணுவில் மருந்து பெரும்பாலும் வாளாவிருக்கும். வைரஸ் புகுந்த உயிரணுவில் விழித்துக்கொண்டு வைரஸின் டிஎன்ஏ நீள்வதைத் தடுக்கும். எலியன் 1988 இல் நோபல் பரிசு பெற்றார். இந்தத் தேர்ந்தெடுக்கும் திறன் பிளாஸ்மாவுக்கு இல்லை. அது பட்ட இடத்தில் உள்ள அனைத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்யும். நம் உயிரணுக்களிடம் ஆக்சிஜனேற்றத்தைச் சமாளிக்கும் நொதிகள் உள்ளன, வைரஸிடம் இல்லை. அந்த வேறுபாட்டை மட்டுமே நம்பித்தான் பிளாஸ்மா மருத்துவம் நடக்கிறது. அளவு சற்று மிகுந்தால் நம் உயிரணுவும் சாகும்.

ஆழம் இன்னொரு தடை. பிளாஸ்மாவில் பிறக்கும் பொருள்களுள் வீரியம் மிக்கவை ஈரத்தில் பட்டவுடன் வினைபுரிந்து தீர்ந்துவிடுகின்றன. தோலின் மேலடுக்கைத் தாண்டிப் போவதே அவற்றுக்கு அரிது. அக்கி வைரஸோ சிறுவயதில் சின்னம்மையாக வந்து, அம்மை இறங்கிய பின் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் உறங்கி, முதுமையிலோ நோய் எதிர்ப்பு குன்றும்போதோ எழுந்து, நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அம்மாவின் உடலில் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் கொப்புளம் எழுந்ததன் காரணம் அதுவே. ஒரு நரம்பு எந்த வழியில் ஓடுகிறதோ அந்த வழியைத்தான் கொப்புளங்கள் வரைந்து காட்டின. விலாவின்மேல் காட்டும் எந்த ஒளியும் அந்த முடிச்சை எட்டாது. அப்படியானால் 2014 இன் ஆய்வில் வலி குறைந்தது எதனால்? தோலில் இருந்த வைரஸின் அளவு குறைந்திருக்கலாம். நைட்ரிக் ஆக்சைடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி அழற்சியைத் தணித்திருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த ஆய்வு போதாது.

இதே ஐயத்தைக் கூர்மையாக்கும் ஒரு சான்று நீரிழிவுக் கால்புண் ஆய்விலிருந்து வருகிறது. 2020 இல் வெளியான அந்த ஜெர்மானிய ஆய்வில், பிளாஸ்மா பெற்ற புண்கள் பெறாதவற்றைவிடத் தெளிவாக விரைந்து சுருங்கின. ஆனால் புண்ணிலிருந்த பாக்டீரியாவின் அளவில் இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கிருமியைக் கொல்வதால்தான் ஆறுகிறது என்று எல்லாரும் எண்ணியிருந்த இடத்தில், உடலின் ஆறும் செயலையே பிளாஸ்மா தூண்டுகிறது என்று நினைக்க வேண்டியிருக்கிறது. வைரஸ் புண்களிலும் அதுவே நடந்தால், குளிர் பிளாஸ்மாவை வைரஸ் எதிர்ப்பு மருந்து என்று அழைப்பதே பொருந்தாமல் போகும். நோயாளிக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை, ஆனால் எந்த நோயாளிக்கு, எந்த நாளில், எவ்வளவு கொடுப்பது என்ற முடிவு முழுவதும் மாறிவிடும். அக்கியில் முதல் மூன்று நாள்கள் எவ்வளவு விலைமதிப்புள்ளவை என்பதை எங்கள் வீடு அனுபவித்து அறிந்திருக்கிறது. அந்த மூன்று நாள்களில் மாத்திரைக்குப் பதிலாகப் பிளாஸ்மா என்று எவரேனும் சொன்னால் நான் உரக்க மறுப்பேன். மாத்திரையுடன் சேர்த்துப் பிளாஸ்மா என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தால் அதன் முடிவுக்கு ஆவலோடு காத்திருப்பேன்.

நம்பிக்கை தரும் இடங்கள் உண்டு. அவை எல்லாமே பிளாஸ்மாவின் நுனி எட்டக்கூடிய பரப்புகள். கண்ணின் கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸ் உண்டாக்கும் புண் பார்வையைப் பறிக்கக்கூடியது. பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2014 இல், கருவிழித் திசுவில் அந்த வைரஸ் பெருகுவதைக் குளிர் பிளாஸ்மா அடக்குகிறது என்றும், அந்த அளவில் திசுவுக்குப் பெரிய சேதம் இல்லை என்றும் காட்டினார்கள். பாப்பிலோமா வைரஸால் வரும் மருக்களைப் பிளாஸ்மா கொண்டு கரைத்த சிறு சிறு ஆய்வுகள் அமெரிக்காவிலிருந்து வந்துள்ளன. திரவ நைட்ரஜனால் மருவை உறையவைக்கும்போது குழந்தைகள் அலறுவதைப் பார்த்தவர்களுக்கு, வலியில்லாத ஒரு மாற்று எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தெரியும். எச்ஐவி பெருகுவதைக்கூட, வளர்ப்புத் தட்டிலுள்ள உயிரணுக்களில் பிளாஸ்மா தடுத்ததாக 2016 இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் ரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் பரவி நிற்கும் அந்த வைரஸிடம் எந்தக் குழாயை நீட்டுவது என்ற கேள்விக்கு விடை இல்லாதவரை அது தட்டோடு நிற்கும்.

சந்தையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கொரோனாக் காலத்துக்குப் பின் 'பிளாஸ்மா', 'அயனி' என்ற சொற்களை ஒட்டிய காற்றுத் தூய்மிக் கருவிகள் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளிலும் வந்து அமர்ந்துவிட்டன. கண்ணாடி மணி உருளைக்குள் காற்று முழுவதையும் பிளாஸ்மாவின் வழியே செலுத்துவதும், அறையின் மூலையில் ஓர் ஊசிமுனையிலிருந்து கொஞ்சம் அயனிகளை விடுவதும் ஒன்றல்ல. அமெரிக்க ஆய்வாளர்கள் 2021 இல் காற்றோட்டக் குழாயில் பொருத்தும் அத்தகைய ஓர் அயனிக் கருவியைச் சோதித்தபோது, காற்றிலுள்ள துகள்களை அது அகற்றியது மிகச் சொற்பமே என்றும், சில கரிம ஆவிகளின் அளவு கூடியது என்றும் கண்டார்கள். மோசமாக வடிவமைத்த கருவி ஓசோனையும் வெளியிடும். எட்டு மணி நேர வேலைக்குப் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் ஓசோன் கூடாது என்பது அமெரிக்கப் பணியிட வரம்பு. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அதற்குக் குறைந்த அளவே இருமலைக் கொண்டுவரும். கருவியை வைத்த அறையில் நான் மேலே சொன்ன அந்த இடி நெடி வந்தால், தயவுசெய்து அதை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

மருத்துவத்துக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் வேறு வகை. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் உள்ள லைப்னிட்ஸ் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் உருவான கின்பென் என்ற பேனா வடிவக் கருவி, 2013 முதல் ஐரோப்பாவில் புண்களுக்கும் தோல் நோய்களுக்கும் பயன்படுத்த ஒப்புதல் பெற்றுள்ளது. அத்தகைய கருவிகள் மனிதர்மேல் படும் முன், வெப்பம் எவ்வளவு, புற ஊதா ஒளி எவ்வளவு, உடல் வழியே கசியும் மின்னோட்டம் எவ்வளவு, உயிரணுக்களுக்கு எந்த அளவில் சேதம் என்றெல்லாம் அளக்க வேண்டும் என்று ஜெர்மனியில் 2014 இல் ஒரு பொது வரையறையே வகுத்தார்கள்.

இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதன் காரணம் சென்ற மாதம் நடந்த ஒன்று. எங்கள் தெருவில் உள்ள அக்கா ஒருவர், நான் பிளாஸ்மாவைப் பற்றி எங்கோ பேசியதைக் கேட்டுவிட்டு, பன்னிரண்டு வயது மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பையனின் வலக்கை விரல்களில் ஏழெட்டு மருக்கள். பேனா பிடிக்கும் இடத்திலேயே இரண்டு. "தம்பி, உங்க காலேஜ்ல அந்த லைட்டு இருக்காமே, ஒரு அஞ்சு நிமிஷம் புள்ளைக்குக் காட்டி விடுங்களேன்" என்றார். பையன் எதுவும் பேசாமல் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். நான் மறுத்துவிட்டேன். எங்கள் குழாயிலிருந்து வரும் புற ஊதா ஒளியை நாங்கள் தோலுக்கு உரிய கணக்கில் அளந்ததில்லை. கசியும் மின்னோட்டத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் அளந்திருக்கிறோமே தவிர ஒரு குழந்தையின் ஈர விரலின்மேல் அளந்ததில்லை. ஆர்கான் உருளையின் அழுத்தம் மாறினால் ஒளி நாக்கின் குணமே மாறிவிடும். இவற்றை அவருக்குப் புரியும்படி சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. மறுநாள் நானே உடன் சென்று அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் பையனைக் காட்டினேன். சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தைத் தினமும் இரவில் தடவச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு மரு தானாகவே மறையும் என்றும் சொன்னார்கள்.

எங்கள் குழாய் இப்போது, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸைத் தடவிய கண்ணாடித் தகடுகளின்மேல் எரிகிறது. ஒவ்வொரு தகட்டுக்கும் வாயுவின் ஓட்டம், மின்னழுத்தம், ஈரப்பதம், தொலைவு, நேரம் ஐந்தையும் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். மழை பெய்த நாளின் முடிவுகள் வெயில் நாளின் முடிவுகளோடு இன்னும் ஒத்துவரவில்லை. அம்மா 2023 இல் இந்தியாவுக்கு வந்த அக்கித் தடுப்பூசியின் இரண்டு தவணைகளையும் போட்டுக்கொண்டுவிட்டார்.